நல்ல செய்தி யாருக்கு?



யார் நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அந்த அண்ணனை எழுத்தாளராகத்தான் பலருக்குத் தெரியும். அதற்கு முன்பு பல ஆண்டுகள் அவர் ஒரு நாளிதழின் தாலுகா நிருபராக இருந்தார். மாதச் சம்பளம் கிடையாது. அச்சான செய்திக்கு மட்டும் காசு. அவர் மறைந்த பிறகு அண்ணி எங்களிடம் ஒரு பழைய கணக்குப் பேரேட்டைக் கொடுத்தார். இடப்பக்கத்தில் அண்ணன் அனுப்பிய செய்தியின் கார்பன் நகல். வலப்பக்கத்தில் பத்திரிகையில் வந்த துண்டு. பல இடங்களில் வலப்பக்கம் காலியாக இருந்தது.

அதில் ஒரே ஊரைப் பற்றி அடுத்தடுத்து மூன்று செய்திகள் இருக்கின்றன. முதலாவது, சேரித் தெருவுக்குப் பல மாதங்களாகக் குடிநீர் வரவில்லை, ஊர்த் தெருவுக்கு வருகிறது என்பது. வலப்பக்கம் காலி. இரண்டாவது, சேரிப் பெண்கள் காலிக் குடங்களோடு சாலையை மறித்தது. அது வந்திருக்கிறது, ‘போக்குவரத்து பாதிப்பு, பயணிகள் அவதி’ என்ற தலைப்பில். மூன்றாவது, சட்டமன்ற உறுப்பினர் புதிய குழாயைத் திறந்துவைத்தது. அது படத்தோடு வந்திருக்கிறது. படத்தில் பெண்கள் இல்லை.

தோழர்களே, செய்தி ஆசிரியர்கள் நல்ல செய்தியையும் கெட்ட செய்தியையும் எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதற்கு இந்த மூன்று பக்கங்களே போதுமான பாடம். தண்ணீர் வராதது செய்தி இல்லை. பேருந்து தாமதமானது கெட்ட செய்தி. குழாய் வந்தது நல்ல செய்தி. ஆனால் கெட்டது யாருக்கு, நல்லது யாரால்? பேருந்தில் உட்கார்ந்திருந்தவருக்குக் கெட்டது. திறந்துவைத்தவரால் நல்லது. தண்ணீர் கேட்டவர்கள் இரண்டிலும் இல்லை.

‘காலையில் பேப்பரைப் பிரித்தால் கொலை, கொள்ளை; நல்லதே போட மாட்டார்களா?’ என்று படித்தவர்கள் அங்கலாய்ப்பதைக் கேட்டிருப்பீர்கள். செய்தியைத் தன் வாசலுக்கு வெளியே நடப்பதாகப் பார்க்க முடிந்தவரின் மனக்குறை அது. நம் கேள்வி வேறு. தராசு யார் கையில் இருக்கிறது என்பது நம் கேள்வி.

சமூகவியல் வகுப்பில் எங்களுக்கு ஒரு கட்டுரையைச் சொல்லிக்கொடுத்தார்கள். 1965-இல் யோஹான் கால்டுங், மாரி ரூகே என்ற இருவர், காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளை நார்வே நாளிதழ்கள் எப்படி வெளியிட்டன என்று ஆராய்ந்து எழுதியது. ஒரு நிகழ்ச்சி எப்போது செய்தியாகிறது என்பதற்கு அவர்கள் பல காரணங்களைப் பட்டியலிட்டார்கள். கெட்டது எளிதில் செய்தியாகும், ஏனென்றால் அது சட்டென்று நடந்து முடிகிறது. நல்லது மெதுவாக வளர்கிறது. நாளிதழின் ஆயுள் ஒரு நாள். ஒரு நாளில் முடிகிற நிகழ்ச்சியே அதற்கு வசதி. மேலிடத்து மனிதர் சம்பந்தப்பட்டால் இன்னும் வசதி.

இதைச் சாதியோடு பொருத்திப் பாருங்கள். தீண்டாமை ஒரு நாளில் நடந்து முடிவதில்லை. அது நேற்றும் நடந்தது, நாளையும் நடக்கும். ஆகவே அது பத்திரிகையின் கணக்கில் ‘புதிதல்ல’. பிணம் விழும்போது மட்டும் அது நிகழ்ச்சியாகிறது.

மேலவளவை எடுத்துக்கொள்வோம். 1996-இல் அந்த ஊராட்சியின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. அன்றிலிருந்து மிரட்டல், வேட்புமனுவைத் திரும்பப் பெற வைத்தல், தேர்தலை நடக்கவிடாமல் செய்தல் எல்லாம் மாதக் கணக்கில் நடந்தன. நாடு முழுவதும் அந்த ஊரின் பெயரைக் கேட்டது 1997 ஜூன் 30-க்குப் பிறகுதான். ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் ஐந்து பேரும் மதுரைக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பிணம் விழும் முன்பே அந்த மிரட்டல்கள் முதல் பக்கத்தில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்களால் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வியை எந்த ஆசிரியர் குழுவும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊராட்சித் தலைவியின் பிரச்சினைக்காக ஒரு நாளிதழின் மாவட்ட அலுவலகத்துக்குப் போனோம். அலுவலகத்தில் அவரை நாற்காலியில் உட்கார விடுவதில்லை. இரவு டெஸ்க்கில் இருந்தவர் நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

“அடிச்சாங்களா தோழர்?”

“இல்ல.”

“கேஸ் ஏதும் போட்டிருக்கா?”

“இல்ல.”

“அப்ப ஆகஸ்ட் பதினஞ்சு வரட்டும். கொடியேத்த விடலைன்னா சொல்லுங்க, அது நியூஸ்.”

அவர் கிண்டல் செய்யவில்லை. தன் தொழிலின் விதியைச் சொன்னார். 2020-இல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் அப்படித்தான் நடந்தது. சுதந்திர தினத்தன்று தலித் ஊராட்சித் தலைவி கொடியேற்ற முடியாதது கெட்ட செய்தி. சில நாளில் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவரே கொடியேற்றியது நல்ல செய்தி. அதே ஆண்டு கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவியைத் தரையில் உட்கார வைத்திருந்தது, புகைப்படம் ஒன்று வெளியான பிறகே செய்தியானது. படம் இல்லாத தரைகள் எத்தனை!

இனி நல்ல செய்தியின் பக்கம் வருவோம். 2022 டிசம்பர் கடைசி வாரம், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. விசாரிக்கப் போன ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும், அங்கே டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும் கோயிலுக்குள் மக்களை விடாததையும் அறிந்து, அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துப் போனார்கள். அந்தப் படம் எங்கும் பரவியது. அதிகாரிகள் சட்டத்தைச் செயல்படுத்தியதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கோயில் நுழைவு ஒரு நாளில் முடிந்தது. தொட்டியின் கேள்வி முடியவில்லை. 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, அதே வேங்கைவயல் தலித் இளைஞர்கள் மூவரையே குற்றவாளிகள் என்றது. மக்கள் அதை ஏற்கவில்லை. சிபிஐ விசாரணை கேட்டார்கள். ‘நல்ல செய்தி’ வாசகருக்கு ஒரு நிம்மதியைக் கொடுத்து அனுப்பிவிடுகிறது. நிம்மதி அடைந்தவர் மீதிக் கதையைக் கேட்பதில்லை.

தேர்வு முடிவு வரும்போதும் இதே கதைதான். ‘துப்புரவுத் தொழிலாளி மகள் சாதனை’ என்று போடுவார்கள். அந்தத் தகப்பன் ஏன் இன்னும் சாக்கடைக்குள் இறங்க வேண்டியிருக்கிறது என்று கேட்க மாட்டார்கள்.

இந்தத் தேர்வுகளைச் செய்கிற அறையில் யார் இருக்கிறார்கள்? 1996-இல் பி.என்.உனியால் என்ற பத்திரிகையாளர் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடி, கிடைக்காமல், அதையே கட்டுரையாக எழுதினார். 2006-இல் டெல்லியின் 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்திலிருந்த 315 பேரை யோகேந்திர யாதவும் நண்பர்களும் கணக்கெடுத்தார்கள். தலித் ஒருவர்கூட இல்லை. பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. 2019-இல் ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்டரியும் வெளியிட்ட ஆய்வில் 121 தலைமைப் பதவிகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. நாம் அப்போதும் பூஜ்யம்தான். அந்த அறையில் இருப்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. தண்ணீர் வராத தெருவில் குடத்தோடு நின்றவர் ஒருவர்கூட அங்கே இல்லை என்கிறோம்.

இது தெரிந்துதான் நம் முன்னோர் சொந்தமாகப் பத்திரிகை நடத்தினார்கள். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ தொடங்கினார். 1907-இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். 1920 ஜனவரி 31-இல் பாபாசாகேப் ‘மூக்நாயக்’ கொண்டுவந்தபோது, அதற்கான விளம்பரத்தைக் காசு கொடுத்தும் ‘கேசரி’ போட மறுத்தது. நாம் பத்திரிகை தொடங்குவது அவர்களுக்கு நல்ல செய்தியும் இல்லை, கெட்ட செய்தியும் இல்லை. செய்தியே இல்லை!

ஆனால் தோழர்களே, நம்மையும் சொல்ல வேண்டும். ஆணவக் கொலை ஒன்றில் உயிரிழந்த இளைஞனின் உடல் கிடந்த படத்தை எங்கள் இதழின் அட்டையில் போட்டோம். அடுத்த மாதம் இதழோடு அந்த வீட்டுக்குப் போனோம். அவனுடைய அம்மா அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: “எம்புள்ள ஐ.டி.ஐ. முடிச்சு வயரிங் வேலை பாத்தான் சாமி. இந்தத் தெருவுல பாதி வீட்டுக்கு அவன் போட்ட லைட்டுதான் எரியுது. அத யாரும் எழுதலையே.” எங்களிடம் பதில் இல்லை. ஆசிரியர் அறையைக் குறை சொல்லிக்கொண்டே அதே தராசில்தான் நாங்களும் நிறுத்திருக்கிறோம். நமக்கும் அவன் பிணமான பிறகே செய்தியானான்.

ஆகவே நல்ல செய்தி கூடுதலாக வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. கெட்ட செய்தி குறைய வேண்டும் என்றும் கேட்கவில்லை. மூன்று காரியங்களைக் கேட்கிறோம். ஒன்று, தொடர்ச்சி. ஒரு வன்கொடுமையைப் போட்டால், குற்றப்பத்திரிகை, சாட்சி, தீர்ப்பு, மேல்முறையீடு, முன்விடுதலை வரை போடுங்கள். மேலவளவு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற 13 பேர் 2019 நவம்பரில் விடுவிக்கப்பட்டார்கள். 1997-ஐ அறியாத வாசகருக்கு அது வெறும் சிறைச் செய்தி. இரண்டு, எழுவாய். ‘இரு தரப்பினர் மோதல்’ என்று எழுதாமல், யார் யாரை அடித்தார்கள் என்று எழுதுங்கள். மூன்று, இடம். அந்த அறையில் நம் பிள்ளைகளுக்கு நாற்காலி, அதுவும் முடிவெடுக்கும் நாற்காலி.

மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில் இந்த வாரம் நடந்ததை ஒரு நோட்டின் இடப்பக்கத்தில் எழுதுங்கள். பத்திரிகையில் வந்ததை வலப்பக்கத்தில் ஒட்டுங்கள். ஓர் ஆண்டு செய்யுங்கள். காலிப் பக்கங்களை எங்களிடம் கொண்டுவாருங்கள். அடுத்த ஆண்டு இதே நாளில் அவற்றை இங்கே வாசிப்போம். அண்ணனின் பேரேட்டில் கடைசியாக எழுதியதற்குப் பிறகு இன்னும் நிறையத் தாள்கள் இருக்கின்றன.

ஜெய்பீம்.