விழுந்ததை மறைக்காதீர்கள்

(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 



வாகனத்தில் ஏறி அமரும்போது ஓத வேண்டிய துஆவை நம் பிள்ளைகள் மக்தபிலேயே மனனம் செய்துவிடுகிறார்கள். ஸுக்ருஃப் அத்தியாயத்தின் 13, 14ஆம் வசனங்களில் அல்லாஹ் கற்றுத் தந்த துஆ அது. அதில் மூன்று செய்திகள் உள்ளன. இந்த வாகனத்தை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் அல்லாஹ் என்பது முதலாவது. அவன் வசப்படுத்தித் தராவிட்டால் இதை அடக்கும் ஆற்றல் நமக்கு இருந்திருக்காது என்பது இரண்டாவது. ஒருநாள் நாம் அவனிடமே திரும்பிச் செல்லக்கூடியவர்கள் என்பது மூன்றாவது.

முதலாவதையும் மூன்றாவதையும் நாம் ஓரளவு உணர்கிறோம். இரண்டாவதை உணர்கிறோமா? வண்டிச் சாவி கைக்கு வந்த பிறகு, இதை அடக்கும் ஆற்றல் எனக்கு இல்லை என்று எவருக்காவது தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியதில்லை, ஒருமுறை மண்ணில் விழும் வரை.

ஈத்கா திடலில் ஒரு காலை

நாற்பது வயதைக் கடந்த பிறகுதான் நான் மோட்டார் சைக்கிள் பழகினேன். தொழ வைத்துக் கொண்டிருந்த பள்ளிவாசலிலிருந்து சற்றுத் தொலைவிலிருந்த வேறொரு மகல்லாவுக்குச் சென்று பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்க வேண்டியிருந்தது. என்னிடம் முன்பு ஓதிய இளைஞர் ஒருவர் தம் வண்டியைக் கொண்டு வந்து, ஸுப்ஹுக்குப் பிறகு ஈத்கா திடலில் எனக்குக் கற்றுக் கொடுத்தார்.

நான்காம் நாள், திடலின் ஓரத்தில் வண்டியை மெதுவாகத் திருப்பும்போது ஓர் ஆடு குறுக்கே வந்தது. பதற்றத்தில் முன் பிரேக்கை இறுகப் பிடித்துவிட்டேன். வண்டி சாய்ந்தது, நானும் சாய்ந்தேன்.

வேகமாகச் செல்லும் வண்டி தானாகவே நிமிர்ந்து நிற்க முயலும். நடக்கும் வேகத்துக்கு அது குறையும்போதுதான் அதன் பாரமெல்லாம் ஓட்டுபவரின் சமநிலையை நம்பியிருக்கிறது. 100 சிசி வண்டியே ஏறத்தாழ 110 கிலோ எடை உள்ளது. கைப்பிடி திரும்பியிருக்கும் நிலையில் முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் அது திரும்பிய பக்கமே சரிந்துவிடும். இதை அந்த இளைஞர் முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தார். தவறு என்னுடையது.

ஆனால் எழுந்ததும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உன் வண்டியில் பிரேக் சரியில்லை" என்று அவரைக் கடிந்து கொண்டேன். அவர் ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசவில்லை. "அடிபட்டுச்சா ஹஜ்ரத்?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். முழங்கால் சிராய்த்து இரத்தம் கசிந்து கொண்டிருந்தது. வீட்டிலும் சொல்லவில்லை. அன்று லுஹர் தொழுகையில் ஸஜ்தாவுக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் வலித்தது. பின்னால் நின்றவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதிலேயே என் மனம் இருந்தது. உள்ளச்சத்தோடு நிற்க வேண்டிய இடத்தில் கௌரவத்தைக் காத்துக் கொண்டு நின்றேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

பெருமானாரும் விழுந்தார்கள்

அன்பர்களே! நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை குதிரையிலிருந்து விழுந்தார்கள். அவர்களின் வலப்புறத்தில் சிராய்ப்பு ஏற்பட்டது. நலம் விசாரிக்க வந்த தோழர்களின் முன்னிலையிலேயே அவர்கள் உட்கார்ந்து தொழுதார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது.

சிந்தித்துப் பாருங்கள்! அல்லாஹ்வின் தூதர் விழுந்ததை மறைக்கவில்லை. குதிரையையோ கடிவாளம் பிடித்தவரையோ பழித்ததாக அந்தச் செய்தியில் இல்லை. நிற்க முடியவில்லை, அமர்ந்து தொழுதார்கள். அவர்கள் மறைத்திருந்தால், நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம் என்ற சலுகையை அந்தத் தோழர்கள் கண்ணால் கண்டிருப்பார்களா?

மற்றொரு செய்தி அபூதாவூதில் வருகிறது. நபி (ஸல்) அவர்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்திருந்த தோழர் ஒருவர், பிராணி இடறியபோது ஷைத்தானைச் சபித்தார். அவ்வாறு கூறினால் ஷைத்தான் தன் ஆற்றலால்தான் இது நடந்தது என்று வீட்டளவு பருத்துவிடுகிறான் என்றும், பிஸ்மில்லாஹ் என்று கூறினால் ஈயளவு சிறுத்துவிடுகிறான் என்றும் நபி (ஸல்) அவர்கள் அவருக்குக் கற்றுக் கொடுத்தார்கள். வண்டி சாயும்போது நம் நாவில் முதலில் வருவது என்ன? வசைச் சொல்லா, அல்லாஹ்வின் பெயரா?

ஜரீர் (ரலி) அவர்களின் முறையீடு

ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் பஜீலா குலத்தின் தலைவர். அழகும் கம்பீரமும் நிறைந்தவர். ஆனால் அவரால் குதிரையின் மீது உறுதியாக அமர முடியவில்லை. குதிரையேற்றமே ஆண்மையின் அடையாளமாகக் கருதப்பட்ட சமுதாயத்தில், ஒரு குலத் தலைவருக்கு இது எத்தகைய வெட்கம்!

அவர் அதை மறைக்கவில்லை. நேராக நபி (ஸல்) அவர்களிடம் சென்று தம் குறையை முறையிட்டார். நபி (ஸல்) அவர்கள் நகைக்கவில்லை. அவரது நெஞ்சில் தம் கரத்தால் தட்டி, இவரை உறுதிப்படுத்துவாயாக, இவரை நேர்வழி காட்டுபவராகவும் நேர்வழி பெற்றவராகவும் ஆக்குவாயாக என்ற கருத்தில் துஆச் செய்தார்கள். அதற்குப் பிறகு தாம் ஒருபோதும் குதிரையிலிருந்து விழுந்ததில்லை என்று ஜரீர் (ரலி) அவர்களே கூறுகிறார்கள். இதுவும் புகாரியில் உள்ள செய்தியே. குறையைச் சொன்னவருக்கு துஆ கிடைத்தது. மறைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்?

இந்த ஹதீஸைப் படித்த மறுநாள், நான் அந்த இளைஞரிடம் சென்று, தவறு என்னுடையது என்று கூறி மன்னிப்புக் கேட்டேன். முழங்கால் வலி ஒரு வாரம் இருந்தது. மனவலி அன்றே தீர்ந்தது.

பெற்றோர்களே!

இதை உங்களிடம் சொல்லக் காரணம் உண்டு. நமது ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் பதினாறு வயது மகன், அத்தா உறங்கும் நேரத்தில் வண்டியை எடுத்துச் சென்று பழகியிருக்கிறான். தெருமுனையில் கீழே போட்டுவிட்டான். பிரேக் லீவர் வளைந்துவிட்டது. கையால் நிமிர்த்தி, துடைத்து, பழைய இடத்திலேயே நிறுத்திவிட்டான். சில நாள் கழித்து அதே வண்டியோடு பெரிய சாலைக்குச் சென்றான். பிடிக்க வேண்டிய நேரத்தில் லீவர் முறிந்தது. கணுக்கால் நொறுங்கியது, இன்றும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறான்.

மருத்துவமனையில் அந்தத் தந்தை, "முதல் நாளே சொல்லியிருக்கலாமேப்பா" என்று அழுதார். மகன் சொன்னான்: "சொன்னா அடிப்பீங்களே அத்தா."

மகன் தந்தையை அறியாமல் வண்டி எடுத்தது குற்றம். ஐயமில்லை. ஆனால் விழுந்ததைச் சொல்ல முடியாத வீடாக அந்த வீடு இருந்ததே, அதற்கு யார் பொறுப்பு? சிறுவயது முதல் பத்து ஆண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், தம்மை ஒருநாளும் 'சீ' என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதில்லை என்றும், இதை ஏன் செய்தாய் என்று கடிந்ததில்லை என்றும் நினைவுகூர்கிறார்கள். அத்தகைய இல்லத்தில் ஒரு சிறுவன் தன் தவறை மறைக்க வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது?

கண்டிக்காதீர்கள் என்று நான் கூறவில்லை. முதலில் காயத்தைப் பாருங்கள். பிறகு வண்டியைப் பாருங்கள். கண்டிப்பு அதற்குப் பிறகு வரட்டும்.

ஒட்டகத்தைக் கட்டுவோம்

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் போதித்ததாகத் திர்மிதியில் வருகிறது. வண்டி பழகுவதில் அந்தக் கட்டு எது?

கியர் வண்டி ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பழகுநர் உரிமம் பெற்று, குறைந்தது 30 நாட்கள் கழித்தே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்ல முடியும். 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, உரிய வயதை அடையாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. பத்தாம் வகுப்பில் தேறியதற்குப் பரிசாக வண்டி வாங்கித் தரும் தந்தையே, எதைப் பரிசளிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 2022ஆம் ஆண்டில் மட்டும் நமது நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கும் மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள்.

பழகுபவர் ஆளில்லாத திடலில், தலைக்கவசத்தோடு, இரு கால்களும் தரையில் நன்கு ஊன்றும் வண்டியில் பழகட்டும். சாயும் வண்டியை ஓரளவுக்கு மேல் தாங்கிப் பிடிக்க முயல வேண்டாம். கால் அடியில் சிக்கும். விட்டு விலகுங்கள். வண்டிக்கு விலை உண்டு, காலுக்கு விலையில்லை. விழுந்த பிறகு எஞ்சினை அணைத்து, பெட்ரோல் கசிகிறதா என்று பாருங்கள். முதுகை வளைத்து இழுக்காமல், முழங்காலை மடக்கிக் கால்களின் பலத்தால் வண்டியை நிமிர்த்துங்கள். பிரேக், கிளட்ச், கைப்பிடி மூன்றையும் சோதிக்காமல் மீண்டும் ஏறாதீர்கள். பின்னால் அமரும் நம் பெண்கள் புர்காவின் ஓரம் சக்கரத்தில் சிக்காதபடி ஒதுக்கிக் கொள்ளட்டும். தன் கையாலேயே தன்னை அழிவில் தள்ளிக் கொள்வதை அல்லாஹ் தடுத்திருக்கிறான் (அல்குர்ஆன் 2:195).

இறுதியாக ஒன்று. வண்டியிலிருந்து மட்டுமா நாம் விழுகிறோம்? தொழுகையைத் தவறவிட்டு விழுகிறோம். வாக்கை மீறி விழுகிறோம். வட்டியில், பொய்யில் விழுகிறோம். விழுந்ததை ஒப்புக் கொண்டு அல்லாஹ்விடம் மீள்வதற்குப் பெயர்தான் தவ்பா. மறைத்து வைத்த வளைந்த லீவரைப் போல, ஒப்புக் கொள்ளாத பாவம் தேவையான நேரத்தில் முறிந்துவிடும். இன்று வீட்டுக்குச் சென்றதும் உங்கள் பிள்ளையை அருகில் அழைத்து, "எப்போது விழுந்தாலும் முதலில் என்னிடம் சொல்" என்று கூறுங்கள். நீங்கள் விழுந்த கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நம்மையும் நம் பிள்ளைகளையும் பயணங்களில் பாதுகாத்து, தவறை ஒப்புக் கொள்ளும் பணிவையும், ஒப்புக் கொண்டவரை அரவணைக்கும் கனிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.