ராஜுலா தந்த உறவு

 

நம்மில் பலருடைய வீட்டில் இன்னும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அது ராஜுலா கப்பலில் வந்த பெட்டி.

1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட அந்த நீராவிக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிள்ளான்), சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. 1974இல் அதை உடைத்துவிட்டார்கள்.

எங்கள் அத்தா அதன் தளத்தில் பாய் விரித்து வந்தவர். பக்கத்துப் பாயில் படுத்திருந்தவர், தோட்டத்தில் பால்மரம் வெட்ட வந்த ஓர் இந்து அன்பர்.

அத்தா புக்கிட் ரோத்தானில் மளிகைக்கடை வைத்தார். அவர் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தோட்டத்து லயத்தில் இருந்தார். சம்பளம் வரும்வரை அவருக்கு நம் கடையில் பற்று உண்டு.

ஒருநாள் ஊரிலிருந்து தந்தி வந்தது: அத்தாவின் உம்மா மவுத். அடுத்த கப்பலில் போனாலும் முகம் பார்க்க முடியாது. அன்றிரவு சைக்கிள் மிதித்து வந்து, விடியும்வரை அத்தாவோடு உட்கார்ந்திருந்தவர் அவர்தான். எங்களுக்கு அவர் 'கப்பல் மாமா'.

அன்பர்களே, அந்தப் பெட்டிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். யார் எந்தக் கப்பலில், யாரோடு வந்தார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். கப்பல் மாமாவுக்கு எந்த ஊர் என்று அத்தாவிடம் நாங்கள் கேட்கவில்லை. இப்போது சொல்ல ஆளில்லை.