தரகர் இல்லாத கடவுள்



கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவில் தரகன் வேண்டுமா என்பதைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். கடவுளே எதற்கு என்று கேட்கிற கூட்டத்தில் இது வேடிக்கையான விஷயந்தான். ஆனாலும் தரகனை விரட்டியவர்களின் கதையை நாம் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

ஜெர்மனியில் பாவமன்னிப்புச் சீட்டு விற்றார்கள். செத்துப்போன தாய் தகப்பனுக்குக்கூட வாங்கலாமாம். நம் ஊர்த் திதிக்கும் தர்ப்பணத்திற்கும் அது இளைத்ததல்ல! வசூலில் ஒரு பாதி ரோமாபுரியில் கோயில் கட்ட. மறு பாதி ஆல்பர்ட் என்கிற ஆர்ச்பிஷப் தமது பதவிக்காக லேவாதேவிக்காரரிடம் வாங்கிய கடனை அடைக்க. 1517-இல் மார்ட்டின் லூதர் இதை எதிர்த்துக் கிளம்பினார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் எல்லோரும் குருமார்களே, செருப்புத் தைப்பது போலப் பாதிரி வேலையும் ஒரு வேலையே என்று 1520-இல் எழுதினார். 1522-இல் புதிய ஏற்பாட்டை ஜனங்கள் பேசுகிற ஜெர்மன் பாஷையில் அச்சிட்டுக் கொடுத்தார். மந்திரத்தின் அர்த்தம் விளங்கிவிட்டால் மந்திரவாதிக்கு மதிப்பேது? இது பெரிய காரியம் என்பதை நாம் மனமார ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் குடியானவர்கள் அதை நிஜமென்று நம்பிவிட்டார்கள்! 1525-இல் 12 கோரிக்கைகள் எழுதினார்கள். எங்கள் பாதிரியை நாங்களே தெரிந்தெடுப்போம், தவறினால் நீக்குவோம் என்பது முதலாவது. கிறிஸ்து பிரபுவுக்கும் ஆட்டிடையனுக்கும் சேர்த்துத்தானே இரத்தம் சிந்தினார், நாங்கள் மட்டும் ஏன் அடிமை என்பது மூன்றாவது. லூதர் என்ன சொன்னார் தெரியுமா? அந்தச் சுதந்திரம் ஆத்மாவுக்கு, சரீரத்துக்கல்ல என்றார். கலகம் மூண்டதும், அவர்களைக் குத்துங்கள், வெட்டுங்கள் என்று பிரபுக்களுக்கு எழுதினார். பிரபுக்கள் ஆயிரமாயிரம் பேரை வெட்டிச் சாய்த்தார்கள்.

அந்த லூதர் மதந்தான் 1706-இல் சீகன்பால்கு மூலமாகத் தரங்கம்பாடிக்கு வந்தது. 1715-க்குள் புதிய ஏற்பாடு தமிழிலும் அச்சாயிற்று. யாரும் படிக்கலாம், தடையில்லை. கோயிலுக்குள் மட்டும் சூத்திரக் கிறிஸ்தவர் ஒரு பக்கம், ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் மறு பக்கம். பரமபிதாவோடு நேரே பேச எல்லோருக்கும் பாத்தியதை உண்டு. பக்கத்தில் உட்காரப் பாத்தியதை இல்லை!

அச்சபைகளின் வழிவந்த தஞ்சை, திருச்சி, வேப்பேரிச் சபைகள் பின்னால் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. 1833-இல் பிஷப் டேனியல் வில்ஸன், சபையில் ஜாதி கூடாதென்று உத்தரவு போட்டார். உடனே உயர்ஜாதிக் கிறிஸ்தவர் பலர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். கடவுளை விட்டா போனார்கள்? இல்லை. அவர்களில் பலர் பிற்பாடு, ஜாதியைப் பொறுத்துக்கொண்ட லூதர் சபைக்கே போய்ச் சேர்ந்தார்கள்.