மானியம் கேட்கும் முன்



எங்கள் ஊர் ரோட்டரி சங்கத்தில் நானும் உறுப்பினர். மாணவியர்க்குப் புதிய கழிப்பறை கட்ட நிதி கேட்டு ஒரு நிறுவனத்துக்கு எழுதினோம். "இருக்கும் கழிப்பறை ஏன் பயன்படவில்லை?" என்ற கேள்வியோடு விண்ணப்பம் திரும்பி வந்தது. எங்களிடம் பதில் இல்லை. பிறகுதான் மாணவியரிடமே கேட்டோம்.

"தண்ணி வரல டீச்சர். அதான் ஸ்கூல்ல நாங்க தண்ணியே குடிக்கிறதில்ல" என்றாள் ஒருத்தி.

தேவை கட்டடமன்று, தண்ணீர்!

ரோட்டரி அறக்கட்டளையின் உலகளாவிய மானியத்துக்குத் திட்டமதிப்பு குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும். பயனாளிகளைக் கலந்து செய்த தேவை மதிப்பீடும் கட்டாயம். சிறு பணிகளுக்கு ரோட்டரி மாவட்ட மானியம் உண்டு. எங்கள் மோட்டாருக்கும் குழாய்க்கும் அதுவே போதுமாயிற்று.

நிதி தருவோரைத் தேடும் முன், பிள்ளைகளைக் கேளுங்கள்.