ஆங்கிலம் கற்பித்தலும் ஒரு தனிப் படிப்பே
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவை ஒட்டி நடைபெற்ற கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பார்க்கும் மலையில் 1894இல் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் தோன்றியது. 1917இல் மாண்ட்ஃபோர்ட் பள்ளி தோன்றியது. அங்கே விடுதியிலும் விளையாட்டுத் திடலிலும் ஆங்கிலம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே இருக்கும் நம் பிள்ளைகளுக்கோ நாளொன்றுக்கு ஒரு பாடவேளை மட்டுமே அம்மொழி காதில் விழுகிறது. மணி அடித்ததும் மறைந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டைப் பலரும் பிள்ளையின் அறிவுக் குறைவு என்று எண்ணிவிடுகின்றனர். அது அறிவுக் குறைவன்று. வீட்டில் பேசாத ஒரு மொழியை இரண்டாம் மொழியாகக் கற்கும் நிலை அது. அந்நிலைக்கென்றே தனிக் கற்பித்தல் முறை உண்டு. அதைப் பட்டமேற்படிப்பாகவே பயிலலாம் என்பதை எடுத்துரைக்கவே இன்று முன்வந்துள்ளோம்.

நம் மஹல்லாவில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்த பெண்மக்கள் இருக்கிறார்கள். நாடகமும் கவிதையும் ஆழ்ந்து படித்தவர்கள். ஆயினும் ஆறாம் வகுப்புப் பிள்ளை ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்று எழுதும்போது சிவப்பு மையால் அடிப்பதைத் தவிர வேறு வழியை அந்தப் பட்டம் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. ‘எனக்கு இரண்டு அண்ணன்மார் இருக்கிறார்கள்’ என்னும் தமிழ் வாக்கியத்தின் ‘இருக்கிறார்கள்’ என்பதையே அப்பிள்ளை ஆங்கிலத்திற்குக் கொண்டுசெல்கிறது. தமிழில் ‘எ’, ‘தி’ போன்ற முன்னொட்டுச் சொற்கள் இல்லாமையால்தான் அவற்றையும் விட்டுவிடுகிறது. பிழைக்குக் காரணம் தெரிந்த ஆசிரியரே அதைத் திருத்த வல்லவர்.

இத்துறையில் நம் நாட்டிற்கு நல்ல மரபு உண்டு. 1958இல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் நிறுவப்பட்டது. பின்னர் அயல்மொழிகளையும் சேர்த்துக்கொண்ட அந்நிறுவனமே 2007இல் ஆங்கில மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் என்னும் மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. ஆங்கிலம் கற்பித்தலுக்கான முதுநிலைச் சான்றிதழும் அதனைத் தொடரும் முதுநிலைப் பட்டயமும் அங்கே பெயர் பெற்றவை. 1963இல் பெங்களூரில் தொடங்கிய தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனம், தென் மாநில அரசுகள் அனுப்பும் பணியிலுள்ள ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்து வருகிறது.

சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு அவர்களையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1979 முதல் 1984 வரை தென்னாட்டுப் பள்ளிகளில் அவர் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண விதியை முதலில் ஒப்புவிக்கச் சொல்லவில்லை. ரயில் கால அட்டவணையையோ வரைபடத்தையோ தந்து, எந்த வண்டியில் போனால் நேரத்திற்குச் சேரலாம் என்று ஆங்கிலத்தில் கண்டறியச் சொன்னார். விடை தேடும் முனைப்பில் மொழி தானே படியும் என்பது அவர் கருத்து. ‘பெங்களூர்த் திட்டம்’ என்று இதை இன்றும் உலகெங்கும் ஆசிரியப் பயிற்சி வகுப்புகளில் படிக்கிறார்கள். நாம்தான் அறியாதிருக்கிறோம்!

இப்போது உஸ்தாத்மார்களின் பக்கம் வருகிறோம். இத்தகைய படிப்புகளில் ஒலியியல் ஒரு முக்கியப் பாடம். நாக்கு எங்கே தொடுகிறது, உதடு எப்படிக் குவிகிறது என்பதே அதன் தொடக்கம். நம் மக்தபில் தஜ்வீத் பாடத்தில் மக்ரஜ் என்று சொல்லிக்கொடுப்பதும் இதுவேயன்றோ? அரபு அரிச்சுவடியின் நான்காம் எழுத்தை நாக்கு நுனியை மேற்பல் விளிம்பில் வைத்து முறையாக ஒலிக்கும் பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் ‘திங்க்’ என்னும் சொல்லின் முதல் ஒலி புதிதன்று. ஒன்பதாம் எழுத்து ‘திஸ்’ என்பதன் முதல் ஒலி. ‘ஃபேன்’ என்பதைப் ‘பேன்’ என்றும் ‘ஸீரோ’வை ‘ஜீரோ’ என்றும் சொல்லும் தடுமாற்றத்தை ஃபாவும் ஸாயும் ஓதிய நாவு எளிதில் கடந்துவிடும். காலையில் மக்தபில் பெற்ற இந்தப் பயிற்சியைப் பத்து மணி ஆங்கில வகுப்பு பயன்படுத்துவதே இல்லை. இரண்டையும் அறிந்த ஆசிரியை ஒருவர் நம்மிடையே உருவானால் எவ்வளவு நன்மை!

வேறொரு ஒற்றுமையும் உண்டு. சொல்லாமல் விடுவது முறையன்று. பொருள் அறியாமலும் சரளமாக வாசிக்க முடியும் என்பதை நாம் நன்கறிவோம். ஆங்கிலப் பாடத்தையும் நம் பிள்ளைகள் அவ்வாறே கடகடவென்று வாசிக்கிறார்கள். பெற்றோர் மகிழ்கிறோம். அப்பத்தியிலிருந்து ஒரு கேள்வி கேட்டால் மௌனம்தான்.

இனி நடைமுறை. அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆங்கில ஆசிரியராக பி.ஏ. ஆங்கிலமும் பி.எட். பட்டமும் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். முதுகலை ஆசிரியருக்கு எம்.ஏ., பி.எட். உடன் ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு. 2015 முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பாகிவிட்டதால் செலவையும் காலத்தையும் முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள். எம்.ஏ.வுக்கு நம் அருகிலேயே, 1997இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாநிலக் கல்வியிலும் வேலையிலும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. ஹைதராபாத்திற்கு அந்தச் சான்றிதழ் செல்லாது. மத்திய அரசின் ஓ.பி.சி. படிவத்தில் தனிச் சான்றிதழ் வேண்டும். தம் பிரிவு மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்வது நலம்.

வளைகுடா நாடுகளில் பள்ளி வேலை தேடுவோர் சில நாள்களில் இணையவழிச் சான்றிதழ் என்னும் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். கேம்பிரிட்ஜின் ‘செல்டா’ சான்றிதழுக்குக் குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி உண்டு. அதில் 6 மணி நேரம் மெய்யான மாணவர்கள் முன்னே, மதிப்பீட்டாளர் பார்த்திருக்க, பாடம் நடத்தியாக வேண்டும். எந்தச் சான்றிதழாயினும் இப்படி ஒரு வகுப்பறைப் பயிற்சி அதில் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

நிர்வாகக் குழுவிடம் ஒரு வேண்டுகோள். உயர்கல்வி உதவி என்றால் பொறியியல், மருத்துவ விண்ணப்பங்களையே முதலில் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. வரும் ஆண்டில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்த பெண்மக்களில் இருவருக்கேனும் இப்படிப்பிற்கான கட்டணத்தையும், ஹைதராபாத் செல்ல நேர்ந்தால் துணைக்கு வருபவரின் பயணச் செலவையும் ஜமாஅத் ஏற்க வேண்டும். படிப்பு முடிந்தபின் ஓராண்டு காலம், மாலை மக்தபிற்குப் பிறகு, நம் பிள்ளைகளுக்கு வாரம் மூன்று நாள் ஆங்கில வகுப்பு நடத்த அவர்கள் இசைய வேண்டும். பெயர் தர விரும்புவோர் இஷா தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் அலுவலகத்தில் செயலாளர் அவர்களைச் சந்திக்கலாம். பெண்மக்கள் தம் தாயார் வழியாகவும் சொல்லி அனுப்பலாம். வஸ்ஸலாம்.