கைப்பேசி ஆட்டமும் ஊர்த் திடலும்

(பொம்மிடியில் ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோரும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



மரவள்ளியைப் பற்றியோ, மஞ்சளைப் பற்றியோ, சாலை, குடிநீர் பற்றியோ பேசுவதற்கே நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று அவற்றைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பேச விழைகிறோம்.

சில மாதங்களுக்கு முன் இவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். மாலை ஐந்து மணி. ஊர்த் திடலில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கைப்பந்துக் கம்பம் ஒன்று சாய்ந்து கிடந்தது. கோயில் திண்ணையில் ஏழெட்டுச் சிறுவர்கள் கைப்பேசியும் கையுமாக அமர்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்ற மூதாட்டி ஒருவர், "இவர்களாவது வெளியே வந்திருக்கிறார்கள், ஐயா. என் பேரன் போர்வைக்குள்ளேயே கிடக்கிறான்" என்றார்.

விசாரித்தோம். பையனின் தாயும் தந்தையும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் படிக்கட்டும் என்று கடன் வாங்கிக் கைப்பேசி வாங்கிக் கொடுத்தார்கள். பாடம் முடிந்தது, கைப்பேசி தங்கிவிட்டது. இப்பொழுது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவன், நள்ளிரவு தாண்டியும் ஆடுகிறான், வகுப்பில் உறங்குகிறான், சில நாள் பள்ளிக்கே செல்வதில்லை. கைப்பேசியைக் கேட்டால் சோற்றுத் தட்டை வீசுகிறான். "பிடுங்கி வைத்தால் என்ன?" என்று கேட்டோம். அம்மூதாட்டி சொன்ன மறுமொழி இன்றளவும் நம் நெஞ்சில் தைத்து நிற்கிறது: "பிடுங்கிவிட்டால் அவன் யாரோடு பேசுவான், ஐயா? எனக்கோ காது மந்தம்."

அன்பர்களே! கைப்பேசியில் ஆடும் பிள்ளைகள் எல்லோரும் நோயாளிகள் அல்லர். ஆடுவோரில் மிகச் சிறு பகுதியினரே இத்துன்பத்திற்கு ஆளாகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனமே கூறுகிறது. அந்நிறுவனம் திருத்தி அமைத்த நோய்களின் பட்டியல் 2019-இல் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் ஆட்ட நோயும் இடம்பெற்றுள்ளது. அதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு. ஆட்டத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் தன்வசம் இல்லாமற் போதல் ஒன்று. உணவு, உறக்கம், படிப்பு, உறவு ஆகிய யாவற்றினும் ஆட்டமே முதன்மை பெறுதல் இரண்டு. தீங்கு நேர்வது கண்கூடாகத் தெரிந்தும் விடாது ஆடுதல் மூன்று. இவை பொதுவாக ஓராண்டேனும் நீடித்து, வாழ்க்கையைக் குலைத்தாலே நோய் என்பர். ஆகவே, பள்ளி விட்டு வந்து அரைமணி நேரம் ஆடும் பிள்ளையை யாரும் குற்றவாளிபோல் நடத்த வேண்டியதில்லை.

அப்படியாயின், சிலர் மட்டும் ஏன் சிக்கிக்கொள்கிறார்கள்? நெதர்லாந்து நாட்டு இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்து, 2011-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி ஒன்று இதற்கு விடை தருகிறது. தனிமை உணர்வு மிகுந்த பிள்ளைகளே பின்னர் ஆட்டத்தில் மூழ்கினர்; மூழ்கியவர்கள் பின்னும் தனிமைப்பட்டனர். தனிமையே காரணம், தனிமையே விளைவு! தாகத்திற்கு உப்புநீர் குடித்தவன் கதைதான் இது.

ஆட்டத்தின் அமைப்பும் இதற்குத் துணை செய்கிறது. கபடிக்குப் பொழுது சாய்ந்தால் முடிவு உண்டு. இதற்கு முடிவே இல்லை. ஒரு நிலை வென்றால் மறுநிலை காத்திருக்கிறது. ஒரு நாள் வராவிட்டால் அன்றைய பரிசு போய்விடும். எங்கோ இருக்கும் கூட்டாளிகள் இரவிலும் அழைக்கிறார்கள். வீட்டில் தன்னைக் கேட்பார் இல்லாத பையனுக்கு, அங்கே பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கிறது. அவன் அங்கே போகாமல் வேறெங்கே போவான்?

பெரியவர்கள் பஞ்சாயத்து வானொலியை மறந்திருக்கமாட்டீர்கள். ஊருக்கு ஒரு பெட்டி. மாலையில் ஊரே அதன்முன் கூடும். பயிர்ச் செய்தி கேட்டபின் அதைப் பற்றி வாதாடுவோம். அக்கருவி நம்மைச் சேர்த்து வைத்தது. கைப்பேசியோ ஒரு வீட்டு நால்வரை நான்கு மூலையில் அமர்த்திவிட்டது. பிள்ளைகளை மட்டும் சொல்வானேன்? களத்திலிருந்து திரும்பியதும் நாமும் அதைத்தானே எடுக்கிறோம்!

சட்டம் இதைப் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் எண்ணுகின்றனர். இணையச் சூதாட்டத்தைத் தடை செய்யும் நம் மாநிலச் சட்டம் 2023-இல் வந்தது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் இயற்றியது. இவை குடும்பங்களின் கைப்பொருளைக் காக்க வந்தவை. ஆனால், பணம் கட்டாது ஆடும் ஆட்டத்தில் பிள்ளை தன் உறக்கத்தையும் நட்பையும் இழப்பதை இவை தடுக்கமாட்டா. 2020 செப்டம்பரில் பப்ஜி ஆட்டம் தடை செய்யப்பட்டது. மறு ஆண்டே அது வேறு பெயரில் வந்து சேர்ந்தது. ஆகவே, சட்டம் நிற்கும் இடத்திலிருந்து ஊர் தொடங்க வேண்டும்.

இங்கே நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிகளில் நூலகமும் விளையாட்டுத் திடலும் அமைக்கப்பட்டன. 2024-இல் விளையாட்டுக் கருவிகளும் ஊராட்சிகளுக்கு வழங்கப்பட்டன. கட்டினோம், அளந்தோம், கணக்கு முடித்தோம். மாலையில் அங்கே பிள்ளைகள் வருகிறார்களா என்று எத்தனை முறை சென்று பார்த்தோம்? பூட்டிய நூலகமும் முட்செடி மண்டிய திடலும் இருக்கும் ஊரில், கைப்பேசியை மட்டும் பழிப்பது எங்ஙனம் நியாயமாகும்?

எனவே, நாம் செய்ய வேண்டியவை சிலவே. முதலாவது, கருவிகளைப் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள். திடலின் சாவியையும் பந்தையும் ஊரில் ஓர் இளைஞரின் பொறுப்பில் விடுங்கள். மாலைதோறும் திடல் திறந்திருக்கட்டும். பெண்பிள்ளைகளுக்கும் நேரமும் இடமும் ஒதுக்குங்கள். இரண்டாவது, பெற்றோர் வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் எவரெவர் என்று தெருவாரியாக அறிந்து, அவர்களை முதலில் அழையுங்கள். மூன்றாவது, கைப்பேசியைத் திடீரெனப் பிடுங்கவேண்டாம். இத்தனை மணி வரை என்று பிள்ளையோடு பேசி முடிவு செய்யுங்கள். இரவில் வீட்டார் அனைவரின் கைப்பேசியும் ஒரே இடத்தில் இருக்கட்டும். நம்முடையதும் அங்கேயே இருக்கட்டும். நான்காவது, மேற்சொன்ன மூன்று அடையாளங்களும் காணப்பட்டால் வெட்கப்படாது உதவி தேடுங்கள். 14416 என்ற எண்ணுக்குப் பேசினால் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கும். காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவோர் இதற்கு ஏன் நாணவேண்டும்? இறுதியாக, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் கிராம சபையில் தெருவிளக்கு பற்றிக் கேட்பதுபோல் திடல் பற்றியும் கேளுங்கள். கேட்டால்தான் எம்மைப் போன்ற அலுவலர்களும் விழித்திருப்போம்.

அச்சிற்றூருக்கு அண்மையில் மீண்டும் சென்றோம். சாய்ந்த கம்பத்தை இளைஞர்கள் நிமிர்த்தி நட்டு, வலை கட்டியிருந்தார்கள். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அந்த மூதாட்டியின் பேரன் இன்னும் ஆடத் தொடங்கவில்லை, கைப்பேசியையும் விட்டுவிடவில்லை. ஆயினும் திடலின் ஓரத்தில் வந்து நின்றான். பந்து வெளியே உருண்டபோது எடுத்து எறிந்தான். உள்ளிருந்து ஒருவன் அவன் பெயரைச் சொல்லி, "நாளைக்கு வாடா" என்றான்.

அந்த அழைப்பை ஊர்தோறும் எழச் செய்வது நம் கடமை. அதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. மாலையில் ஒரு மணி நேரமும் கொஞ்சம் அக்கறையும் இருந்தால் போதும்.