விரியன் விஷமும் இரத்தம் உறைதலும்

(வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இரத்தம் உறைவதைப் பற்றி நான் பேசுவதாக நோட்டீசில் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, “இதில் பேசுவதற்கு என்னங்க இருக்கிறது? கறிக்கடைக்குப் போனால் தெரிந்து விடுமே” என்று வழியிலேயே ஒரு தோழர் கேட்டார். அவர் சொன்னதும் நியாயந்தான். ஆட்டை அறுத்துச் சட்டியில் பிடித்த இரத்தம் சற்று நேரத்தில் கட்டியாகிவிடுவதை நாம் பார்த்துக் கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அதே இரத்தம் ஆட்டின் உடம்பில் ஓடிக்கொண்டிருந்த வரையில் ஏன் கட்டியாகவில்லை என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

உடம்புக்குள் ஓடும்போது இரத்தம் உறையக்கூடாது. காயம்பட்ட இடத்தில் உடனே உறைய வேண்டும். குழாய்க்குள்ளேயே உறைந்துவிட்டால் மாரடைப்பு, பக்கவாதம் என்று வருகிறது. காயத்தில் உறையாவிட்டால் கொட்டிக்கொண்டேயிருந்து ஆள் போய்விடுகிறான்.

கையில் அரிவாள் பட்டுவிட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். அறுபட்ட குழாய் முதலில் சுருங்குகிறது. பிறகு தட்டணுக்கள் என்கிற மிகச் சிறிய துணுக்குகள் வந்து ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கின்றன. ஒரு கன மில்லி மீட்டர் இரத்தத்தில், அதாவது ஒரு சிறு துளியிலும் சிறு பங்கில், இவை 1,50,000-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆனால் இது வாய்க்கால் உடைப்பில் அள்ளிப்போட்ட மண் மாதிரி, கொஞ்சநேரந்தான் தாங்கும். அதன்மேல் நார் வலை ஒன்று பின்னப்பட்டால்தான் நிற்கும். அந்த நாராகப் போகிற பொருள் இரத்தத்திலேயே எந்நேரமும் கரைந்திருக்கிறது. அதற்குப் பைப்ரினோஜன் என்று பெயர். அதை நாராக்க ஒரு பொருள், அந்தப் பொருளை எழுப்ப வேறொரு பொருள் என்று ஒன்றையொன்று தட்டியெழுப்பும் கூட்டமே இரத்தத்தில் இருக்கிறது. டாக்டர்கள் அவைகளுக்கு நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவை ஈரலில் உண்டாகின்றன. காயம் படுகிற வரையில் எல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும்.

இப்போது கண்ணாடி விரியனுக்கு வருவோம். அதன் விஷம் இந்தக் கூட்டத்தில் ஐந்தாம் நம்பரையும் பத்தாம் நம்பரையும் காயமில்லாமலேயே எழுப்பிவிடுகிறது. உடம்பு முழுதும் வீணாக நார் உண்டாகி, உண்டாகி, கையிருப்பு அத்தனையும் செலவாகிப் போகிறது. முகூர்த்தத்துக்கென்று வைத்திருந்த அரிசியை முதல்நாளே எவனோ தெருவில் இறைத்துவிட்டால் பந்திக்கு எதைப் போடுவது? அந்தக் கதிதான். உறைய வைக்கிற விஷம், கடைசியில் இரத்தத்தை உறையாமலே ஆக்கிவிடுகிறது. ஈறில் இரத்தம், மூத்திரத்தில் இரத்தம், சிலருக்கு மூளைக்குள்ளேயே இரத்தம். சிறுநீரகமும் கெடுகிறது.

ஒரு வேடிக்கை பாருங்கள். சீமையில் மாக்பார்லேன் என்ற வைத்தியர், பிறவியிலேயே இரத்தம் சரியாக உறையாத நோயாளிகளின் காயத்தின் மேல் இதே விஷத்தை வெகுவாக நீர்த்துப் போட்டு, இரத்தம் உறைவதை 1934-ல் எடுத்துக்காட்டினார். இன்றைக்கும் சோதனைச் சாலைகளில் ஒரு இரத்தப் பரிசோதனைக்கு இந்த விஷம் பயன்படுகிறது. விஷத்துக்குப் பாவமும் தெரியாது, புண்ணியமும் தெரியாது. எவ்வளவு, எந்த இடத்தில் என்பதுதான் சங்கதி.

இப்படிப்பட்ட விஷயத்துக்கு நம் ஜனங்கள் யாரிடம் ஓடுகிறார்கள்? வேப்பிலை அடிக்கிறவனிடம்! “அவர் மந்திரித்து இத்தனை பேர் பிழைத்தார்களே” என்கிறீர்கள். பிழைத்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. கடிக்கிற பாம்புகளில் சாரையும் தண்ணீர்ப் பாம்பும் போன்ற விஷமற்றவையே அதிகம். விஷப்பாம்புகூடச் சில சமயம் விஷத்தை இறக்காமல் வெறும் பல்லை மாத்திரம் பதித்துவிட்டுப் போவதுண்டு. இவர்களெல்லாம் மந்திரமில்லாமலே பிழைக்கக் கூடியவர்கள். பிழைத்தால் மந்திரத்தின் மகிமை. செத்தால் தலைவிதி, இல்லாவிட்டால் வீட்டுப் பெண் தீட்டோடு எதிரே வந்துவிட்டாள்! இரண்டு பக்கமும் ஜெயிக்கிற இந்த வியாபாரத்தில் நஷ்டப்படுகிறவன் கடிபட்டவன் ஒருவனே.

சிலர் கடிவாயைப் பிளேடால் கீறிவிடுகிறார்கள். யோசித்துப் பாருங்கள்! உறையவே மாட்டாத இரத்தம் உள்ளவனுக்குப் புதிதாக ஒரு காயத்தை உண்டாக்குவது வைத்தியமா, கொலையா?

ஆஸ்பத்திரியில் செய்கிற சோதனையைச் சொல்கிறேன். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிஷம் வைத்துப் பிறகு சாய்த்துப் பார்க்கிறார்கள். கட்டியாக நின்றால் இரத்தம் உறைகிறது. தண்ணீராக ஓடினால் விஷம் வேலை செய்கிறது. படிக்காதவனும் கண்ணால் கண்டு தெரிந்து கொள்ளலாம். எந்த மந்திரவாதியாவது தன் வித்தையை இப்படிக் குழாயில் ஊற்றிச் சோதித்துக் காட்டியதுண்டா?

விஷமுறிவு மருந்து வந்த வழியும் தெரிந்துகொள்ளத்தக்கது. 1890-களில் பிரெஞ்சுக்காரரான கால்மெத் வகுத்த முறையைத் தொட்டு வந்தது அது. குதிரைக்கு விஷத்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்து. விஷம் பிடிப்பதற்காக இருளர்கள் 1978-ல் கூட்டுறவுச் சங்கமே அமைத்தார்கள். யாரை ஊரார் கிட்டே சேர்க்காமல் ஒதுக்கி வைத்தார்களோ, அவர்கள் பிடித்த பாம்பின் விஷத்திலிருந்து வந்த மருந்து உடம்பில் ஏறுகிறபோது எந்த வைதீகரும் தீட்டென்று ஊசியை உருவிப் போட்டதாக நான் கேள்விப்படவில்லை!

இந்த மருந்து விஷத்தைத்தான் முறிக்கும். செலவாகிப்போன பொருள்களை ஈரல் புதிதாகச் செய்து தரவேண்டும். அதனால்தான் 6 மணி நேரம் கழித்து மறுபடி அந்தக் குழாய்ச் சோதனையைச் செய்கிறார்கள். மூளையில் கசிந்துவிட்ட இரத்தத்தையோ கெட்டுப்போன சிறுநீரகத்தையோ இம்மருந்து திருப்பிக் கொடுக்காது. மந்திரவாதி வீட்டுத் திண்ணையில் போகிற நேரம் இப்படிப் போகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் இறந்ததாக 2020-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள்.

பின்வரிசையில் ஒரு அம்மாள், “ராத்திரியில் கடித்தால் என்ன செய்கிறது?” என்று கேட்கிறார். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், மெட்டி, கொலுசு இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றி விடுங்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் வைத்து, கிடைத்த வண்டியில் விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பாம்பைத் தேடிக்கொண்டு நேரத்தைப் போக்க வேண்டாம். கடித்தபோது மணி எத்தனை என்பதை மாத்திரம் பார்த்து வைத்துக் கொள்ளுங்கள், டாக்டர் கேட்பார்.